துளை போடாத தகரம்

1

என் அக்காவின் வீட்டை இடித்து இந்த ஐப்பசியோடு ஒரு வருடம் ஆகிறது. அதே வாரத்தில் இங்கே இங்கிலாந்தில் என் வீட்டுக் கூரையைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். அங்கே இடித்தது அரசாங்கம். இங்கே பிரித்தது நான் கூலி பேசி வைத்த ஆள். மழைக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது.

ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்கித்தான் சொல்ல வேண்டும். சென்னையில் வீட்டுக்கு மேலே மொட்டை மாடி. அதில் துணி காயும், வடாம் காயும், விஷயம் முடிந்தது. இங்கே வீட்டுக்கு மேலே இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும் ஓட்டுக் கூரை. ஓட்டைத் தாங்குவது கைமரங்கள். கைமரங்களுக்கு அடியில் என் மகள் யாழினியின் அறை. பனிக்காலத்தில் அந்த அறையில் வாயைத் திறந்தால் புகை வரும். மூலையில் கறுப்புப் பூசணம். நாங்கள் துடைப்போம், அது திரும்ப வரும். துடைப்பதும் வருவதுமாகப் பல வருடம் ஓடிவிட்டது.

போன பனிக்காலம் ஓடும் ஒழுக ஆரம்பித்தது. சரி, ஓட்டை மாற்றுவோம் என்று போனேன். பாதிக்கு மேல் கூரையைப் பிரித்தால் குளிர்த் தடுப்பும் போட்டே தீர வேண்டும் என்றது கவுன்சில். கவுன்சில் என்றால் நம் மாநகராட்சி மாதிரி. ஆனால் போனை எடுப்பார்கள். எடுத்து, வேறு நம்பரைச் சொல்வார்கள்.

கைமரத்துக்குக் கீழே தடுப்புப் பலகை அடித்தால் அறையின் உயரம் குறையும். யாழினி என்னைவிட உயரம். ஏற்கெனவே காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை தலையை இடித்துக்கொண்டு இங்கிலீஷில் திட்டுகிறாள். அதனால் கைமரத்துக்கு மேலே, வெளிப்பக்கமாக, கனமான நுரைப்பலகைகளைப் பரப்பி, அதன் மேல் ரீப்பர் எனும் பட்டைக் கட்டை வைத்து, அதன் மேல் ஓடு போட வேண்டும். மரம் முழுக்க வீட்டுச் சூட்டுக்குள்ளேயே இருக்கும். இதற்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் 'சூடான கூரை'.

அக்காவிடம் போனில் சொன்னேன்.

"இன்னாது? கூரைய சூடு பண்றதுக்கு துட்டு குடுக்குறியா?" என்றாள். "என் கூரைய எடுத்துனு போடா. ஓசிலயே தரேன்."

2

கூரைக்காரர் பெயர் ஸ்டீவ். அறுபது வயது இருக்கும். எங்கள் சமையலறை மேசையில் ஸ்க்ரூக்களை வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றும் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நீளம். இவ்வளவு நீளமான ஸ்க்ரூவை நான் அதுவரை பார்த்ததில்லை.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன். ஸ்க்ரூ மேலே ரீப்பரைத் துளைக்கும். நடுவில் நுரைப்பலகையைத் தாண்டும். கடைசியில் கைமரத்தைப் போய்க் கடிக்கும். நடுவில் இருக்கும் நுரைக்குப் பலம் கிடையாது. ஓட்டின் பாரம் கூரையைக் கீழே சரிக்கப் பார்க்கும். காற்று மேலே தூக்கப் பார்க்கும். இரண்டையும் தடுத்து நிற்பது இந்த ஸ்க்ரூ ஒன்றுதான்.

ஒரு வகைக்கு நுனியில் மட்டும் மரை, அதாவது திருகுச் சுற்று. அதைக் கொஞ்சம் அதிகம் முறுக்கினால் ரீப்பர் நுரைக்குள் அமுங்கும், கூரை அலை அலையாகப் போய்விடும். இன்னொரு வகைக்கு மேலும் கீழும் மரை. அது கைமரத்தையும் ரீப்பரையும் தனித்தனியாகப் பிடித்து நிற்கும், நடுவில் இருப்பதை நசுக்காது. சிலவற்றை நேராக இறக்க வேண்டும், சிலவற்றைச் சாய்த்து இறக்க வேண்டும். சாதா இரும்பு என்றால் வெளிக் குளிரை உள்ளே கடத்தும், உள்நுனி வியர்க்கும், பிறகு துருப்பிடிக்கும்.

"எவர்சில்வர் இல்லையா?" என்று கேட்டேன்.

ஸ்டீவ் முழித்தார். என் மனைவி கலா அலமாரியிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"ஓ, ஸ்டெயின்லெஸ்" என்றார். இருக்கிறதாம். குளிரைக் குறைவாகக் கடத்துமாம். விலைதான் கூட.

எத்தனை ஸ்க்ரூ, எவ்வளவு நெருக்கமாக என்பதை ஸ்க்ரூ செய்கிற கம்பெனியே கணக்குப் போட்டுத் தரும். கவுன்சில் அந்தக் கணக்கைக் கேட்கும். கம்பெனிக்காரன் என்னிடம் கேள்விகள் அனுப்பினான். கூரைச் சரிவு எவ்வளவு? கைமரத்தின் அகலம் எவ்வளவு? வீடு இருக்கும் இடம் மேடா, பள்ளமா? கடலிலிருந்து எவ்வளவு தூரம்?

கடைசிக் கேள்வியில் நின்றுவிட்டேன். நான் பிறந்தது அடையாற்றங்கரையில். எங்கள் வீட்டுக்கும் தண்ணீருக்கும் எவ்வளவு தூரம் என்று டேப் பிடித்து அளந்தவர்கள் நிறைய பேர். எல்லோரும் எங்களை விரட்டத்தான் அளந்தார்கள். என் கூரை பறந்துவிடக் கூடாது என்று கவலைப்பட்டு ஒருவன் தூரம் கேட்டது இதுதான் முதல் தடவை. எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

பிறகு ஸ்டீவிடம் ஒரு கேள்வி கேட்டேன். "பின்னால் கழற்ற வேண்டி வந்தால், பலகை உடையாமல் கழற்ற வசதியான ஸ்க்ரூ எது?"

"கழற்றி எங்கே கொண்டு போகப் போகிறாய்?" என்றார்.

கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டார்.

"சரி, அப்படியானால் ஸ்க்ரூவைக் குறைத்துப் போடலாமா? ஓட்டின் பாரமே அழுத்திப் பிடித்துக்கொள்ளாதா?"

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். முடிவு பண்ணிவிட்டுக் கூப்பிடு என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது கூரை மேல் தார்ப்பாயைப் போட்டுவிட்டுப் போனார். ஓடு எல்லாம் ஏற்கெனவே கீழே இறக்கியாகிவிட்டது.

3

ஆற்றங்கரையில் எங்கள் எல்லோருக்கும் தகரக் கூரை. தகரத்தில் துளை போட மாட்டோம். இது எங்கள் பக்கத்தில் சட்டம் மாதிரி. யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மேடும் பள்ளமுமாக நெளிந்த தகரத்தைக் கம்பு மேல் வைப்போம். கட்டுக்கம்பியால் விளிம்பில் சுற்றிக் கட்டுவோம். அதன் மேல் செங்கல், பழைய டயர், உடைந்த அம்மி, கையில் எது கிடைக்கிறதோ அது. காற்று அடித்தால் தகரம் கொஞ்சம் குதிக்கும், கடகடவென்று பேசும், பிறகு அடங்கும். பெரிய புயலில் பறக்கும். பறந்தால் தேடிப் போய் எடுத்து வருவோம். யார் தகரம் என்பதில் அடிதடியும் நடக்கும்.

ஏன் இப்படி என்றால், தகரம்தான் சொத்து. சுவர் போனால் போகட்டும், அது மண்ணும் உடைந்த கல்லும். இடிக்கிற மெஷின் வரும் சேதி கிடைத்தால் கம்பியை வெட்டி, தகரத்தை இறக்கி, தோளில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். துளை போட்ட தகரம் அப்படி வராது. வந்தாலும் அடுத்த இடத்தில் ஒழுகும். விற்கப் போனால் பழைய இரும்புக்காரன் முகத்தைச் சுளிப்பான்.

எங்கள் வரிசையில் லிங்கம் மாமா என்று ஒருவர் இருந்தார். தச்சு வேலை தெரிந்தவர். அவர் மட்டும் கொக்கி போல்ட் போட்டு முறையாகத் தகரத்தை முடுக்கினார். அவர் வீட்டுக்கு 'போல்ட்டு பங்களா' என்று பெயர் வைத்துக் கேலி செய்தோம். போன வருடம் மெஷின் வந்த அன்று அவர் ஸ்பேனரை வைத்துக்கொண்டு கூரை மேல் உட்கார்ந்திருந்ததாக அக்கா சொன்னாள். போல்ட் எல்லாம் துரு. ஒன்றுகூடத் திரும்பவில்லை. கீழே இறங்கச் சொன்னார்கள். இறங்கினார். வீட்டோடு தகரத்தையும் சேர்த்து மெஷின் நசுக்கியது. பக்கத்தில் அக்காவின் தகரம் அத்தனையும் கீறல் இல்லாமல் குட்டியானை வண்டியில் ஏறி நின்றது.

இதைப் பார்த்த எவளாவது அதற்குப் பிறகு தகரத்தில் துளை போடுவாளா?

4

அக்காவுக்கு ஊருக்கு வெளியே, பஸ்ஸின் கடைசி ஸ்டாப்பில், அடுக்குமாடியில் ஒரு வீடு கொடுத்தார்கள். மேல் மாடி. கான்கிரீட் கூரை. தகரத்துக்கு அங்கே வேலையே இல்லை. ஆனாலும் அக்கா தகரத்தைக் கொண்டு போனாள். மாடிப்படித் திருப்பத்தில் தகரம் திரும்பவில்லை. வெளியே கயிறு கட்டி மேலே இழுத்தார்கள். கட்டடமே பால்கனியில் நின்று வேடிக்கை பார்த்தது.

"இன்னாம்மா, கூரை மேல கூரையா?" என்று ஒருவன் கேட்டானாம்.

"உன் தல மேல வெக்கறதுக்குடா" என்றாளாம் அக்கா.

அப்போதிலிருந்து தகரம் நடைவழியில் சுவரில் சாய்ந்து நிற்கிறது. அதை ஒட்டித்தான் எல்லோரும் நடக்கிறார்கள். ஒருவருக்குச் சட்டை கிழிந்திருக்கிறது. அக்கா தைத்துக் கொடுத்திருக்கிறாள்.

அவள் இன்னும் ஆழ்வார்பேட்டையில் ஒரு வீட்டில் சமைக்கத்தான் போகிறாள். முன்பு நடந்து போன வேலைக்கு இப்போது இரண்டு பஸ். பஸ் அடையாற்றுப் பாலத்தில் ஏறும்போது ஜன்னல் பக்கம் திரும்பி எங்கள் கரையைப் பார்ப்பாளாம். அங்கே இப்போது வேலி. உள்ளே செடி வைத்திருக்கிறார்கள், நடைபாதை போட்டிருக்கிறார்கள், பெஞ்சு போட்டிருக்கிறார்கள். கரையை ஒட்டி முளைத்த பெரிய பெரிய கட்டடங்கள் அப்படியே இருக்கின்றன. அவற்றை யாரும் டேப் வைத்து அளக்கவில்லை.

போன மே மாதம் அக்கா வீட்டுக்குள்ளேயே மயங்கி விழுந்தாள். மேல் மாடி, நாள் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட், ராத்திரியும் அனல். ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றினார்கள். இன்னொரு கோடையை அந்த அறையில் தாங்குவது சிரமம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அந்தத் தகரத்தையே மொட்டை மாடியில், அவள் வீட்டுக்கு நேர் மேலே, பைப் நட்டு நிழலாகப் போட்டால் என்ன? வெயில் தகரத்தோடு நிற்கும். கான்கிரீட் சுடாது.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒத்துக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை.

"போல்ட்டு போட்டு முடுக்கறதா இருந்தா போட்டுக்க. கட்டுக்கம்பிலாம் வேணாம்மா. இங்க காத்து தரைல அடிக்கற மாரி அடிக்காது. பறந்துச்சின்னா எவன் கழுத்தயாவது அறுத்துனு போய்டும்."

அவர் சொன்னது நியாயம்தான். அக்கா முடியாது என்றாள்.

"ஓட்ட போட்டா தகரம் செத்துச்சி. திரும்பி போம்போது செத்த தகரத்தயா தூக்கினு போவேன்?"

"எங்கக்கா திரும்பிப் போற?"

"வேலிதானடா போட்டுகீறான். நேத்து போட்ட வேலி. நாம எத்தினி வருசம் இருந்தோம்?"

மே மாதம் திரும்ப வரும். தகரம் சுவரில் சாய்ந்தே நிற்கிறது.

5

இங்கே தார்ப்பாய் அடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம்தான். யாழினிக்குப் பழக்கமில்லை. கீழே சோபாவில் படுத்துக்கொண்டு என்னை முறைத்தாள்.

யாழினியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் தமிழ் கற்றது கலாவிடமும் அத்தையின் போனிலும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பினோம். 'என் வீட்டில் ஒரு பூனை கீது' என்று எழுதினாள். இது தமிழே இல்லை என்று டீச்சர் சிவப்பு மையில் அடித்தார். அன்றோடு நின்றுவிட்டாள். எங்களிடம் இங்கிலீஷ்தான். அத்தையிடம் மட்டும் இன்னும் அந்தத் தமிழ். அவர்கள் இரண்டு பேரும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் அறைக்குள் போனால் பேச்சு நின்றுவிடும்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா கூப்பிட்டாள்.

"கூரைய மூட்டியா?"

"இல்லக்கா. எந்த ஸ்க்ரூ போடறதுன்னு இன்னும் முடிவு பண்ணல."

"இன்னாத்துக்கு இய்த்துனு கீற? மய வந்தா பொண்ணு ரூம்பு நனையாது?"

"கழட்ட வர்ற மாதிரி எதுனா கெடைக்குதான்னு பாக்கறேன்."

"யார்ரா கய்ட்டப் போறது?"

"சும்மா, பின்னால எப்பனா..."

"டேய். உன் வூட்டுக்குப் பட்டா கீதா, இல்லியா?"

"கீது."

"மெஷினு வருமா?"

"வராது."

"அப்புறம் இன்னாத்தடா கய்ட்டுவ? போவியா, ஆணிய அட்ச்சிட்டு சோறு துன்னுவியா."

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "நீ மட்டும் அடிச்சியா? தகரத்த செவுத்துல சாச்சி வெச்சி பூஜ பண்ற. மேல நெருப்பு, கீழ நீ. அந்தக் கரைல பெஞ்சு போட்டுட்டான்க்கா. நம்ம வூடு இருந்த எடத்துல எவனோ குந்திக்கினு வேர்க்கல்ல துன்னுனு கீறான். நீ எந்த எடத்துக்குடி போப்போற?"

அக்காவை நான் அதுவரை 'டி' போட்டுப் பேசியதில்லை. அவள் போனை வைத்துவிட்டாள்.

சோபாவிலிருந்து யாழினி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அத்தைக்குப் பேசும் தமிழில் என்னிடம் பேசினாள். ரொம்ப வருடம் கழித்து.

"அத்தைய ஏன்பா திட்ற? நம்ம வூட்ல மட்டும் ஆணி கீதா?"

சுற்றிப் பார்த்தேன். இந்த வீட்டை வாங்கியபோது அவள் கைக்குழந்தை. கல்யாணப் படம் தரையில் சுவரைச் சாய்ந்து நிற்கிறது. காலண்டர் கதவுக் குமிழில் தொங்குகிறது. சாமி படங்கள் ஸ்டூல் மேல். அவள் புத்தக அலமாரி எந்தச் சுவரிலும் பிடிக்கப்படாமல் ஆடிக்கொண்டு நிற்கிறது. கண்ணாடியைக்கூட நான் மாட்டவில்லை.

"நான்தான் கல்யாணம் ஆன நாளா சொல்லினு கீறேனே" என்றாள் கலா. மந்தைவெளிக்காரி. அவள் வீட்டில் எல்லாவற்றையும் ஆணி அடித்துத்தான் மாட்டியிருப்பார்கள். "ஒரு காலண்டர் மாட்ட ஆணி கேட்டா, செவுரு வீணா போய்டும்னுவ. உன் செவுருயா அது!"

மறுநாள் ஸ்டீவைக் கூப்பிட்டேன். எவர்சில்வர், இரண்டு பக்கமும் மரை உள்ளது, கம்பெனிக்காரன் கணக்கில் எத்தனை இருக்கிறதோ அத்தனையும் என்று சொன்னேன். கழற்றுவதைப் பற்றிப் பேசவில்லை. அவரும் கேட்கவில்லை.

6

பலகை பரப்பிவிட்டால் கைமரம் கண்ணுக்குத் தெரியாது. பழைய வீட்டுக் கைமரம் வேறு, மூன்று விரல் அகலம்கூட இல்லை. முழங்கை நீள ஸ்க்ரூ குருட்டுத்தனமாக இறங்கி அந்த மூன்று விரலைக் கண்டுபிடிக்க வேண்டும். முகட்டிலிருந்து கீழ்வரை நீலச் சாய நூல் பிடித்துக் கோடு அடித்தார் ஸ்டீவ். கோட்டின் மேல் ரீப்பர். ரீப்பர் வழியாக ஸ்க்ரூ.

ஒன்றை நான் போடுகிறேன் என்றேன். சாரத்தில் ஏறச் சொல்லி, ஸ்க்ரூ முடுக்கும் மெஷினைக் கையில் கொடுத்தார். கலா கீழே நின்று, பார்த்துப் பார்த்து என்று கத்தினாள். ஸ்க்ரூ ரீப்பரில் திணறியது. நுரைக்குள் போனதும் சத்தமே இல்லை, வெறும் காற்றில் சுற்றுவது போலச் சுற்றியது. தப்பிவிட்டது என்று நினைத்தேன். பிறகு அடியில் எதையோ கடித்தது. மெஷின் குரல் தடித்தது. கை அதிர்ந்தது. தலை வந்து ரீப்பரோடு உட்கார்ந்தது.

ஸ்டீவ் தலையை ஆட்டினார். அவ்வளவுதான். அடுத்த ஆயிரத்தை அவர் ஆட்கள் போட்டார்கள்.

யாழினி கீழிருந்து போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். என்னிடம் காட்டவில்லை. அத்தைக்கு அனுப்பியிருக்கிறாள். இதைக் கலாதான் பிறகு சொன்னாள்.

7

அக்கா ரொம்ப நாள் பேசவில்லை. நானும் கூப்பிடவில்லை. கடைசி ஓடு ஏறுகிற வாரம், நான் வாசலில் நிற்கும்போது போன் அடித்தது.

"மேட்லயா, பள்ளத்துலயா?" என்றாள்.

"இன்னாக்கா?"

"தகரத்துல ஓட்ட எங்க போடணும்? மேட்லயா பள்ளத்துலயா? டிரில்லுக்காரன் நிக்கறான்டா, சீக்கிரம் சொல்லு. அவன் எங்கனா ஒண்ணுன்றான். எனக்கு அவன் மேல நம்பிக்க இல்ல."

எனக்கும் தெரியாது. எங்கள் குடும்பத்தில் யாருக்குத் தெரியும்? சாரத்தின் மேல் இருந்த ஸ்டீவைக் கூப்பிட்டு இங்கிலீஷில் கேட்டேன்.

"மேட்டில்" என்று கத்தினார். "பள்ளத்தில் தண்ணீர் ஓடும். யார் கேட்பது?"

"என் அக்கா. சென்னையில் கூரை போடுகிறாள்."

"காற்று எப்படி அங்கே?"

"புயல் வரும்."

"அப்படியானால் ஓரங்களில் இரண்டு மடங்கு போடச் சொல். ரப்பர் வாஷர் வைக்க வேண்டும். வாஷர் படிந்தால் போதும், பிதுங்கக் கூடாது."

"வெள்ளக்காரன் இன்னா சொல்றான்?" என்றாள் அக்கா.

சொன்னேன். அவள் அதை அப்படியே டிரில்லுக்காரனிடம் சொன்னாள். ஓரத்தில் ரெண்டு மடங்கு என்பதை மூன்று மடங்கு என்று மாற்றிச் சொன்னாள். பிறகு போனை எங்கேயோ வைத்துவிட்டாள். தகரத்தில் டிரில் இறங்கும் சத்தம் கேட்டது. காதைப் பிய்க்கிற சத்தம். ஒன்று முடிந்து, அடுத்தது முடிந்து, அதற்கடுத்தது. நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. ஸ்டீவ் மேலிருந்து என்ன ஆயிற்று என்று கையை ஆட்டினார். ஒன்றுமில்லை என்று நானும் கையை ஆட்டினேன்.

அக்கா திரும்ப வந்தாள்.

"எல்லாத்துலயும் போட்டியாக்கா?"

"ஒண்ண மட்டும் வுட்டுட்டேன்."

"எங்க வெச்சிருக்க?"

"கட்லுக்கு அடில. நீட்டமா கீது, வெளிய கொஞ்சம் துருத்தினு கீது. ரெண்டு தபா கால இட்ச்சிக்கினேன்."

"எதுக்குக்கா அது?"

"உன் வேலயப் பாருடா" என்றாள்.